கறுப்புத் திரைக் கல்லூரி

நாற்பது ஆண்டுப் பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கி, பழுது பார்த்து, மறுபடி ஓடவைக்கும் ஆர்வம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பொழுதுபோக்கு. உள்ளே இறங்கினால், நம் பொறியியல் கல்லூரிகள் சொல்லித்தர மறந்த ஒரு படிப்பு.

2012 நவம்பர் 20. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் வளாகத்தில் இருக்கும் தேசிய கம்ப்யூட்டிங் அருங்காட்சியகம். சுவரை மறைத்துக்கொண்டு ஆளுயர இரும்பு ரேக்குகள் நிற்கின்றன. சுவிட்ச் போட்டதும் ரிலேக்கள் சடசடவென்று அடித்துக்கொள்கின்றன. வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களின் தலையில் ஆரஞ்சுப் புள்ளிகள் வட்டமடிக்கத் தொடங்குகின்றன. 1951-ல் முதன்முதலில் ஓடிய ஹார்வெல் டெக்கட்ரான் கம்ப்யூட்டர், அறுபத்தோரு வயதில் மறுபடி கணக்குப் போடுகிறது. இளைஞர்களாக இருந்தபோது அதை வடிவமைத்தவர்களும் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடை இரண்டரை டன். வேகமோ, இரண்டு எண்களைப் பெருக்க ஐந்திலிருந்து பத்து விநாடி. ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் இது வேலை பார்த்த காலத்தில், மேசைக் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு கணிதக்காரர் ஒருவர் இதனோடு போட்டிக்கு உட்கார்ந்தார். அரைமணி நேரம்போல ஈடுகொடுத்தார். பிறகு களைத்துப்போய் எழுந்துவிட்டார். இயந்திரம் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்துக்கு வேண்டியிருந்தது அதுதான்: தப்பில்லாமல், சலிப்பில்லாமல் கணக்குப் போடும் ஒரு ஆள்.

இதைவிட வேகமான இயந்திரங்கள் வந்ததும் ஹார்வெல்லுக்கு இது தேவைப்படவில்லை. 1957-ல், இதை வைத்து யார் நன்றாகப் பாடம் நடத்துவார்கள் என்று கல்லூரிகளுக்குள் போட்டி வைத்தார்கள். வுல்வர்ஹாம்ப்டன் நகரக் கல்லூரி ஜெயித்தது. அங்கே 'விட்ச்' என்ற செல்லப்பெயரோடு 1973 வரை மாணவர்களுக்குப் பாடமாக நின்றது. பிறகு பர்மிங்காம் அருங்காட்சியகம். 1997-ல் அதுவும் மூடப்பட, பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டுக் கிடங்குக்குப் போனது. பழைய புகைப்படம் ஒன்றில் அதன் கன்ட்ரோல் பேனலைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்ட ஆர்வலர்கள்தான் தேடிப்பிடித்து மீட்டார்கள். சீரமைக்கப் பிடித்தது மூன்று ஆண்டுகள்.

இந்த இயந்திரம் பாடம் நடத்த ஏற்றது என்பதற்குக் காரணம் அந்தக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு டெக்கட்ரானுக்குள்ளும் வட்டமாகப் பத்து இடங்கள். ஒளிப்புள்ளி எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் அந்தக் குழாய் நினைவில் வைத்திருக்கும் இலக்கம். ஒன்றைக் கூட்டினால் புள்ளி ஓரிடம் நகரும். கம்ப்யூட்டரின் மெமரியை வெறும் கண்ணால் படிக்கலாம். புள்ளி நகர வேண்டிய நேரத்தில் நகராமல் நின்றால், பழுது எங்கே என்று தேடத் தொடங்கும் இடமும் அதுவே.

லைட் எரிகிறது, படம் வரவில்லை

இரண்டரை டன்னை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வீட்டு மேசையில் இந்தப் படிப்பைத் தொடங்குகிறவர்களில் ஏராளமானோருக்கு முதல் பாடப்புத்தகம் கமடோர் 64. 1982-ல் அமெரிக்காவில் வெளியாகி, ஒரு கோடிக்கும் மேல் விற்ற வீட்டுக் கம்ப்யூட்டர். தடித்த கீபோர்டு ஒன்றுக்குள் மொத்த இயந்திரமும் அடக்கம். டிவியில் மாட்டினால் நீலத்திரை வரும். நாற்பது ஆண்டு கழித்து மாட்டினால் பல நேரம் கறுப்புத் திரைதான் வரும்.

கறுப்புத் திரை என்பது ஒரு நோய் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு கோளாறுகள் வெளியே காட்டும் ஒரே அறிகுறி. படிப்பு இங்கேதான் ஆரம்பம்.

அனுபவசாலிகள் முதலில் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை, அடாப்டரைத்தான் தொடுகிறார்கள். கமடோரின் ஒரிஜினல் அடாப்டருக்குள் ரெசினை ஊற்றிக் கல் மாதிரி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியே போக வழியில்லை. காலப்போக்கில் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டுப்போகும்போது, 5 வோல்ட் குறைவதற்குப் பதிலாக ஏறிவிடும். ஏறிய வோல்ட்டேஜில் முதலில் அடிவாங்குவது மெமரி ஐசிகள். நன்றாக இருக்கும் கம்ப்யூட்டரைக் கெட்ட அடாப்டரில் மாட்டி, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சுவிட்சைப் போடுகிறவர், அந்த நொடியில் புதிதாக ஒரு பழுதை உண்டாக்குகிறார். மல்டிமீட்டரை வைத்து 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினால் அந்தப் பாவம் சேராது.

அடுத்து, பவர் லைட். சிவப்பாக எரிகிறது. சப்ளை வருகிறது என்று புதியவர் முடிவுகட்டிவிடுவார். இதுதான் கமடோர் வைக்கும் முதல் பொறி. அந்த அடாப்டரிலிருந்து இரண்டு சப்ளைகள் உள்ளே போகின்றன: 5 வோல்ட் டிசி ஒன்று, 9 வோல்ட் ஏசி ஒன்று. லைட் எரிவது 5 வோல்ட்டில். ஆரம்பகால போர்டுகளில், படத்தை உருவாக்கும் விக் ஐசிக்கு வேண்டிய மின்சாரம் 9 வோல்ட் பக்கத்திலிருந்து தயாராகிறது. அந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஃப்யூஸ் போயிருந்தால் லைட் எரியும், படம் வராது. ஒரு ஃப்யூஸைப் பார்க்காமல் ஐசிகளைக் கழற்றத் தொடங்கியவர்கள் எத்தனை பேரோ! லைட் எரிவதற்கு 'லைட்டுக்கு மின்சாரம் வருகிறது' என்பதைத் தாண்டி எந்த அர்த்தமும் இல்லை என்று தலையில் ஏற, பலருக்கு ஒரு போர்டு பலியாக வேண்டியிருக்கிறது.

சப்ளை சரி. இப்போது கடிகாரத் துடிப்பு. ப்ராசஸர் ஓட விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் துடிப்புகள் வேண்டும். ஆஸிலோஸ்கோப் இருந்தால் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் ரீசெட் கால். சுவிட்ச் போட்டதும் அது ஒரு கணம் தாழ்ந்திருந்துவிட்டு மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் ப்ராசஸர் பிறக்கவே இல்லை என்று பொருள். இவை எல்லாம் சரியாக இருந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால் சந்தேகப் பட்டியல் சுருங்கிவிடுகிறது: மெமரி, மாறாத புரோகிராம்களைச் சுமக்கும் ரோம், பிஎல்ஏ என்று சொல்லப்படும் போக்குவரத்து ஐசி. எந்த முகவரியைக் கேட்டால் எந்த ஐசி பதில் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்வது இந்த பிஎல்ஏ. கமடோரில் அடிக்கடி உயிரை விடுவதும் அதுதான்.

ஆரம்பகால போர்டுகளில் மெமரிக்கு எட்டு ஐசிகள். 'ஒவ்வொரு பைட்டும் ஒரு ஐசியில் இருக்கும்' என்று நினைப்பது வழக்கமான தப்பு. ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்டுகளும் எட்டு ஐசிகளில், ஆளுக்கொன்றாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு ஐசி செத்தால் 64 கேபி முழுவதிலும் ஒவ்வொரு பைட்டும் ஊனமாகிவிடும். பாடப்புத்தகத்தில் இது அரைவரி. அரைமணி நேரமாக விரலை ஒவ்வொரு ஐசியின் மேலும் வைத்து, எது அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று தடவிப் பார்த்தவருக்கு அது உடம்போடு ஒட்டிய அறிவு.

விரல் வைத்தியத்திலும் சூது உண்டு. விக் ஐசியும், ஒலிக்கான சிட் ஐசியும் நல்ல நிலையிலேயே நன்றாகச் சுடும். அவற்றைத் தொட்டுப் பார்த்து 'இதுதான் குற்றவாளி' என்று பிடுங்கிவிட்டால், கெட்டதை விட்டு நல்லதைத் தண்டித்த கதை. நல்ல மெமரி ஐசி ஒன்றைச் சந்தேகமான ஐசியின் முதுகில் கால்மேல் கால் படும்படி ஏற்றிவைத்துப் பார்க்கும் பழக்கமும் உண்டு. கீழே இருப்பது ஊமையாகிப்போயிருந்தால் மேலே இருப்பது பேசும், இயந்திரம் ஓடும். கீழே இருப்பது ஷார்ட் ஆகியிருந்தால், மேலே இருப்பவன் என்ன கத்தினாலும் கேட்காது. ஆக, 'ஓடவில்லை' என்ற முடிவு அந்த ஐசிக்கு நற்சான்றிதழ் ஆகாது. ஒரு சோதனை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று யோசிக்காமல் செய்யும் சோதனையால் பிரயோஜனம் இல்லை.

இன்னும் சாமர்த்தியமான வழி, கமடோர் நிறுவனமே சர்வீஸ் ஆட்களுக்குச் செய்துகொடுத்த 'டெட் டெஸ்ட்' கார்ட்ரிட்ஜ். அதை மாட்டினால் இயந்திரம் தன் வழக்கமான ரோமை ஓரங்கட்டிவிட்டு, கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் புரோகிராமிலிருந்து ஓடத் தொடங்கும். அந்தப் புரோகிராம் தான் ஓடுவதற்கு மெமரியை நம்புவதே இல்லை. மெமரியைச் சோதிக்கிற புரோகிராம் அதே மெமரியில் உட்கார்ந்து ஓடினால் என்ன நியாயம்? கெட்ட ஐசியைக் கண்டுபிடித்ததும், அது எத்தனையாவது பிட் என்பதைத் திரையைச் சிமிட்டிக் காட்டும். படமே ஒழுங்காக வராத இயந்திரத்திடமிருந்து பதில் வாங்க, சிமிட்டலை எண்ணவைத்த அந்த இன்ஜினீயரை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பெட்டிச் செய்தி: 38911 கணக்கு

கமடோர் 64 சரியாக ஓடினால் முதல் திரையில் 38911 பைட்டுகள் காலி என்று காட்டும். 64 கேபி என்று விற்றுவிட்டு 38 ஆயிரம்தானா? விடை, இயந்திரம் கண்விழிக்கும் விதத்தில் இருக்கிறது.

சுவிட்ச் போட்டதும் அது மெமரியை ஒவ்வொரு பைட்டாகச் சோதித்துக்கொண்டே மேலே போகும். ஒவ்வொன்றிலும் 85, 170 என்ற எண்களை எழுதித் திரும்பப் படிக்கும். இரும எண்ணில் இவை 01010101, 10101010. அதாவது எல்லா பிட்டும் ஒருமுறை பூஜ்யமாகவும் ஒருமுறை ஒன்றாகவும் ஆகிவிடும். எழுதியது திரும்பி வராத முதல் இடத்தில் சோதனை நிற்கும். ஆரோக்கியமான இயந்திரத்தில் அந்த இடம் 40960. பேசிக் மொழி உட்கார்ந்திருக்கும் ரோம் அங்கே தொடங்குகிறது, எழுதினால் ஒட்டாது. பேசிக் புரோகிராமுக்கான இடம் 2049-ல் ஆரம்பம். கழித்தால் 38911.

எண் குறைந்தால் அதுவே துப்பு. 21951 என்று காட்டுகிறதா? 2049-ஐக் கூட்டுங்கள்: 24000. தகராறு அந்த முகவரியில். 'போக்' கட்டளையால் அங்கே 255-ஐ எழுதி, 'பீக்' கட்டளையால் படித்துப் பாருங்கள். 247 வந்தால், தொலைந்தது 8. எட்டு மதிப்புள்ள பிட்டைச் சுமக்கும் ஐசி எது என்பதை வரைபடம் சொல்லும். எட்டில் ஒன்றைப் பிடித்தாயிற்று, ஒரு திருகுகூடக் கழற்றாமல்.

30719 என்று காட்டினால் கதை வேறு. கூட்டினால் 32768, அச்சுப் பிசகாத 32 கேபி. ஒரு மெமரி செல் இவ்வளவு துல்லியமான எல்லையில் பார்த்துச் சாகாது. 8 கேபி கார்ட்ரிட்ஜ் மாட்டினால் வந்து உட்காரும் இடம் அது. கார்ட்ரிட்ஜ் இல்லாதபோதே இருப்பதாக இயந்திரம் நம்புகிறது என்றால், கார்ட்ரிட்ஜ் மாட்டும் போர்ட்டில் இருக்கும் கம்பியையோ பிஎல்ஏவையோ பார்க்க வேண்டும்.

'மாத்திப் பாரு' வைத்தியம்

இந்த உலகத்தில் இன்னொரு கோஷ்டி உண்டு. பழைய கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, எல்லா கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிட்டுத்தான் சுவிட்சே போடுவார்கள். வீடியோக்களில் பார்க்க நன்றாக இருக்கும். பழைய உருளைகள் வெளியே, பளபளக்கும் புதியவை உள்ளே. நோயாளியைப் பார்க்காமலே கடையில் இருக்கிற மாத்திரையெல்லாம் எழுதிக்கொடுக்கும் டாக்டருக்கும் இவர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

சில இயந்திரங்களில் இது நியாயம்தான். 1989-ல் வந்த மேக்கின்டோஷ் எஸ்இ/30, அந்தக் காலத்து சில அமிகா மாடல்கள் ஆகியவற்றில், போர்டின் மேலேயே ஒட்டப்பட்ட சின்னஞ்சிறு கெப்பாசிட்டர்கள் கசிந்து, கீழே இருக்கும் செப்புத் தடங்களைத் தின்றுவிடும். அங்கே காத்திருப்பது முட்டாள்தனம். ஆனால், கமடோர் 64 மாதிரியான போர்டில் பெரும்பாலான கெப்பாசிட்டர்கள் இன்றைக்கும் தெம்பாகவே இருக்கின்றன. கறுப்புத் திரைக்கு அவை காரணமாக இருப்பது அபூர்வம். எல்லாவற்றையும் கழற்றி மாட்டும்போது நடக்கும் விபத்துகள்தான் அதிகம்: அதிகச் சூட்டில் செப்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும், பிளஸ் மைனஸ் மாறிவிடும், சாலிடர் சொட்டு பக்கத்துக் காலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பழுதோடு வந்த இயந்திரம் மூன்று பழுதோடு நிற்கும். ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அதைப் பிரித்தெடுப்பது கைதேர்ந்தவருக்கே பெரும்பாடு.

ஒருவேளை அதிர்ஷ்டம் இருந்து ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதனால் ஓடியது? மாற்றியவருக்கே தெரியாது. அடுத்த இயந்திரம் வரும்போது அவர் முதல் நாள் இருந்த இடத்தில்தான் இருப்பார். என் கட்சி இதில் தெளிவானது: பழுது பார்ப்பது படிப்பாக வேண்டுமானால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றும் முன் அளக்க வேண்டும், அளக்கும் முன், 'சரியாக இருந்தால் மீட்டர் என்ன காட்ட வேண்டும்?' என்று நோட்டில் எழுதிவைக்க வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை. எழுதிவைத்தது ஒன்று, மீட்டர் காட்டியது வேறொன்று என்று ஆகும்போதுதான் பழுது பிடிபடும். இல்லையென்றால், தான் புரிந்துகொண்டதாக நினைத்திருந்ததில் ஓட்டை இருப்பது பிடிபடும். இரண்டும் லாபம்.

நடுவில் வெட்டித் தேடும் உத்தியும் இப்படித்தான் கைவரும். சிக்னல் ஒரு முனையில் கிளம்பி பத்து இடங்களைக் கடந்து மறுமுனைக்குப் போகிறது, அங்கே வரவில்லை. பத்தையும் வரிசையாகப் பார்க்காதே, ஐந்தாவதில் பார். அங்கே இருந்தால் பழுது பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். மூன்று நான்கு அளவையில் ஆள் அகப்பட்டுவிடுவான். பெரிய சாஃப்ட்வேரில் பிழை தேடும் புரோகிராமரும் அதே வழியில்தான் தேடுகிறார். பழைய கம்ப்யூட்டரை நோண்டிக் கற்றவருக்கு அந்த வேலை எளிதாக வருவதில் ஆச்சரியமில்லை.

வரைபடத்தைக் கூடவே கொடுத்த காலம்

இதெல்லாம் சாத்தியமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த இயந்திரங்களைச் செய்தவர்கள் அவற்றை மறைத்து வைக்கவில்லை. ஆப்பிள் II-க்கு 1978-ல் வந்த சிவப்பு அட்டைக் கையேட்டில் சர்க்யூட் வரைபடமும், ரோமுக்குள் இருக்கும் புரோகிராமும் வரி வரியாக இருந்தன. கமடோர் 64-க்கான கையேட்டிலும் மடித்துவைத்த வரைபடம் உண்டு. 1981-ல் ஐபிஎம் பிசியைக் கொண்டுவந்தபோது, இயந்திரத்தைக் கண்விழிக்கவைக்கும் பயாஸ் புரோகிராம் முழுவதையும் வரைபடங்களோடு தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே விற்றார்கள். அந்தப் பிசி ஸ்டார்ட் ஆகும்போது 201 என்று திரையில் காட்டினால் மெமரி கோளாறு. கூடவே வரும் நான்கு எழுத்துக் குறியீட்டில் எந்த வரிசை, எந்த பிட் என்பதும் இருக்கும். போர்டில் விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் மெமரியும் ஸ்டோரேஜும் போர்டோடு சாலிடர் ஆகிவிட்டன. பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. வரைபடம் நிறுவனத்தின் பூட்டுக்குள். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு லெவல் வேலை பார்க்கும் டெக்னீஷியன், எங்கிருந்தோ கசிந்து வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் ஷார்ட் எங்கே என்று தேடுகிறார். அவரிடம் இருக்கும் அறிவு எந்தக் கமடோர் நிபுணருக்கும் குறைந்ததில்லை. ஆனால், அதைக் கையெழுத்துப்போட்டுக் கொடுக்கும் சான்றிதழ் எதுவும் நம்மிடம் இல்லை.

பழுது பார்க்கும் உரிமைக்கான குரல்கள் உரத்து எழுந்ததில் இந்த ஒப்பீட்டுக்கும் பங்கு உண்டு. பிரான்ஸ் 2021-லிருந்து சில மின்னணுப் பொருள்களின் மேல் 'இது எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கக்கூடியது' என்று மதிப்பெண் ஒட்டச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதற்கெனத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே டிசம்பரில் ஒரு இணையதளத்தையும் திறந்தது. அங்கே போனால் நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்கள் கிடைக்கும். வரைபடம் எங்கே என்று கேட்டால்தான் சிக்கல்.

பெட்டிச் செய்தி: சுவிட்ச் போடும் முன்

* பழைய பவர் சப்ளைகளில், முக்கியமாக பிபிசி மைக்ரோவில், தேன் நிறக் கண்ணாடிபோல உறையிட்ட 'ரிஃபா' கெப்பாசிட்டரைத் தேடுங்கள். உறையில் விரிசல் விழுந்திருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கும். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் புகையைக் கக்கும். அறை நாட்கணக்கில் நாறும். வேடிக்கை என்னவென்றால், அது வெறும் இரைச்சல் வடிகட்டி என்பதால் புகைக்கு நடுவிலும் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

* அமிகா 2000 போன்றவற்றில் போர்டிலேயே சாலிடர் செய்த நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். ஓடுகிறதோ இல்லையோ, முதலில் அதை வெட்டி எடுங்கள். கசிவது காரம் என்பதால் வினிகர் தொட்டுத் துடைப்பது வழக்கம்.

* பழைய மேக்கின்டோஷின் சிறிய லித்தியம் பேட்டரி வெடித்து முழு போர்டையும் அரித்துவிட்ட சம்பவங்கள் ஏராளம்.

* 230 வோல்ட் உள்ளே நுழையும் பக்கத்தில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். படக்குழாயில் இருப்பது பல ஆயிரம் வோல்ட். கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் இந்த இரண்டிலும் தனியாகக் கை வைக்காதீர்கள். தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

தெரிந்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்

பிளெட்ச்லியின் இன்னொரு கூடத்தில் நிற்கிறது கொலோசஸ். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைத்த இயந்திரம். போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை உடைத்தார்கள், வரைபடங்களை எரித்தார்கள். 1993-ல் டோனி சேல் அதை மறுபடி கட்ட இறங்கியபோது கையில் இருந்தவை எட்டுப் புகைப்படங்களும், பழைய இன்ஜினீயர்கள் சிலர் விதியை மீறி வைத்திருந்த வரைபடத் துண்டுகளும். மற்றதெல்லாம் அவர்கள் நினைவு. முழு இயந்திரம் 2007-ல் ஓடியது. பத்து ஆண்டு தாமதித்து ஆரம்பித்திருந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

அமெரிக்காவிலும் இதே ஓட்டம்தான். கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில், 1959-ல் அறிமுகமான ஐபிஎம் 1401 இயந்திரங்கள் இரண்டை ஓடவைத்தவர்களில் பெரும்பாலோர் ஐபிஎம்மில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். 2018-19-ல் மார்க் வெர்டியெல், கென் ஷிரிஃப், மைக் ஸ்டீவர்ட், கார்ல் கிளான்ச் ஆகியோர், பழைய சாமான்களோடு விலைக்குப் போயிருந்த அப்போலோ வழிகாட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு உயிர்கொடுத்தார்கள். அதன் லாஜிக் முழுவதும், ஒரே வகை லாஜிக் கேட்டுகளைக் கொண்ட சுமார் 2800 ஐசிகளால் கட்டப்பட்டது. மின்சாரம் கொடுப்பதற்கு முன் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். நிலவுக்குப் போன இயந்திரத்தின் உடன்பிறப்பில் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று யார் சுவிட்ச் போடுவார்கள்? அவர்களுடைய வீடியோக்களில் பாதி நேரம் ஒன்றுமே ஓடாது. வரைபடத்தைப் பார்ப்பதும், அளப்பதும், விவாதிப்பதுமாகப் போகும். லட்சக்கணக்கானோர் அதை உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

ஓடவைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் சியாட்டிலில் தொடங்கிய லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகத்தில் பழைய பெரிய இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பார்வையாளர்கள் உட்கார்ந்து தட்டலாம். 2018-ல் அவர் இறந்தார். 2020-ல் கொரோனாவோடு கதவு மூடப்பட்டது. 2024-ல் சேகரிப்பின் பல பகுதிகள் கிறிஸ்டீஸ் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்கள் அவற்றை ஓடவைப்பார்களா, கூடத்தில் அலங்காரமாக நிறுத்துவார்களா என்பது அவரவர் விருப்பம்.

உதிரி பாகங்களின் நிலைமை இன்னும் சங்கடம். 1976-லிருந்து விற்பனையில் இருந்த இசட்80 ப்ராசஸருக்கு, 2024 ஜூனோடு ஆர்டர் எடுப்பதை நிறுத்தியது ஸைலாக். கமடோரின் சிட், விக் ஐசிகளைச் செய்த தொழிற்சாலை எப்போதோ போய்விட்டது. பற்றாக்குறை இருக்கும் இடத்தில் போலி வரும். மேலே அச்சிட்டிருந்த பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அடித்த ஐசிகள் சந்தையில் தாராளம். புது ஐசி மாட்டியும் ஓடவில்லை என்றால், 'புதுசு' என்ற சொல்லையும் சந்தேகிக்க வேண்டிய காலம்.

இதற்கு மாற்று, எஃப்பிஜிஏ என்ற சிப்புக்குள் பழைய இயந்திரத்தின் மொத்த நடத்தையையும் மறுபடி உருவாக்குவது. கமடோர் பெயரை 2025-ல் கைப்பற்றிய புதிய குழு, இதே முறையில் ஒரு புதிய கமடோர் 64-ஐக் கொண்டுவந்திருக்கிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். விளையாட வேண்டுமென்றால் எனக்கு அதுவே போதும் என்பேன். ஆனால் கவனியுங்கள்: அந்தச் சிப்புக்குள் பழைய பிஎல்ஏவைச் சரியாக உருவாக்க, யாரோ ஒருவர் நிஜமான பிஎல்ஏவின் ஒவ்வொரு காலையும் அளந்திருக்க வேண்டும்.

லேப் பீரோவில் கிடப்பவை

கமடோரும் ஆப்பிளும் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்ததில்லை. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பிபிசி மைக்ரோக்கள் நாடெங்கும் சில நூறு பள்ளிகளுக்கு வந்தன. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய், தொட பயந்து நின்ற கம்ப்யூட்டர் அறைகளின் தலைமுறை அது. திறந்து பார்க்க யார் விட்டார்கள்?

ஆனால், தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் படித்த ஏராளமானோர் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கிறார்கள், அது கம்ப்யூட்டர் என்று நினைக்காமலே. 8085 கிட். 1976-ல் இன்டெல் கொண்டுவந்த ப்ராசஸர், சிவப்பு எழுத்தில் எண் காட்டும் டிஸ்ப்ளே, தேய்ந்துபோன கீபேட். மேனுவலில் இருக்கும் ஹெக்ஸ் எண்களைத் தட்டி, இரண்டு எண்களைக் கூட்டி, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் லேப் முடிந்தது. கிட் ஓடாவிட்டால் பக்கத்து மேசைக்குப் போ. ஓடாத கிட் பீரோவுக்குள் போகும்.

அந்த பீரோவைத் திறக்கச் சொல்கிறேன். கமடோருக்கு இருக்கும் அத்தனை நற்குணங்களும் அந்தக் கிட்டுக்கும் உண்டு: வரைபடம் கிடைக்கும், ஐசிகள் பெரும்பாலும் சாக்கெட்டில், வேகம் குறைவு, எல்லா கால்களும் கைக்கு எட்டும். ஓடும் கிட்டில் ஆசிரியரே வேண்டுமென்று ஒரு காலை மடக்கிவைத்துக் கொடுக்கலாம். எக்ஸ்டர்னல் தேர்வாளர் வருகிற நாளில் 'இது ஏன் ஓடவில்லை?' என்பதையே கேள்வியாக வைத்து, விடை எழுதாவிட்டாலும் தேடிய வரிசைக்கு மதிப்பெண் போடலாம்.

தேடத் தொடங்குவது கஷ்டமில்லை. 40-வது காலுக்கும் 20-வது காலுக்கும் நடுவில் 5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். 37-வது காலில் கடிகாரம் வெளியே வரும், கிறிஸ்டல் மேல் அச்சிட்ட எண்ணில் சரிபாதி. அது இருந்தால் 30-வது காலுக்குப் போங்கள். முகவரி போகிறது என்று ப்ராசஸர் சத்தம் கொடுக்கும் கால் அது; துடித்துக்கொண்டிருந்தால் ப்ராசஸர் உயிரோடிருக்கிறது, கோளாறு ரோமிலோ மெமரியிலோ டிஸ்ப்ளேவிலோ. துடிக்கவில்லையா? பிடுங்கி வீசாதீர்கள். 35-வது கால் தாழ்ந்திருக்கிறதா, 39-வது கால் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று அப்படி இருந்தாலும், 'கொஞ்சம் பொறு' என்று யாரோ ப்ராசஸரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மீட்டர் முனையை அந்தக் காலிலேயே வைத்துக்கொண்டு, செப்புத் தடம் எந்த ஐசிக்குப் போகிறது என்று வரைபடத்தில் பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.